புகையும் உழைப்பும்: டார்ஜிலிங் மலைப் புகையிரதம் படமாக்கப்படும் முறை குறித்து

கீழ் இமயத்தின் சரிவிலே இரண்டடி அகலமேயுள்ள தண்டவாளங்களின்மீது ஏறிச் செல்லும் டார்ஜிலிங் மலைப் புகையிரதம், 1881இல் டார்ஜிலிங்கைச் சென்றடைந்த காலந்தொட்டுத் தொடர்ந்து படம்பிடிக்கப்பட்டு வருவது. அஞ்சலட்டைகள், நாட்காட்டிகள், உல்லாசப் பயணக் கையேடுகள், புகையிரத ஆர்வலர் வெளியிடும் படத்தொகுப்புகள் ஆகியவற்றில் அதன் உருவம் ஏறத்தாழ ஒரே அமைப்பில் மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் காணலாம். முன்னணியில் வளைந்து வரும் பாதை. அதன்மேல் ஒரு சிறு எஞ்சின். எஞ்சினைப்போற் பன்மடங்கு உயர்ந்தெழும் புகைத்திரள். பின்னணியில், வானம் தெளிந்திருப்பின், கஞ்சன்ஜங்காவின் பனிமுடி. இப்படம் எமக்கும் பிடித்தமானதே. அதனை முதலிற் சொல்லிவிடுதல் நேர்மையாகும். பிடித்தமான ஒன்றைப் பற்றி எழுதுவோர் அதனைப் பிடிக்காதவர்போல் நடிப்பது எமது விமரிசன எழுத்துகளில் அருகிக் காணப்படும் குறையன்று.

இத்தகைய படத்தை நோக்குவதற்கு இரண்டு இலகுவான வழிகள் உள்ளன. ஒன்று, ஒளி, நிழல், அமைப்பு என அதன் அழகை மட்டும் விதந்துரைப்பது. மற்றையது, ஓய்வும் பணமும் உள்ளோரின் பொழுதுபோக்கு என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது. இரண்டுமே படத்தின் நடுவில் நிற்கும் பொருளைப் பார்க்கத் தவறுகின்றன. அப்பொருள் புகை. அது எவ்வாறு உண்டாகிறது, யாரால் உண்டாக்கப்படுகிறது, எந்நிலைமைகளில் கண்ணுக்குப் புலனாகிறது, ஏன் அழகெனக் கொள்ளப்படுகிறது என்னும் வினாக்களுக்கு விடை காண முயன்றால், படத்தின் அழகியலும் அதன் சமூக அடிப்படையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாது நிற்பதை நாம் உணரலாம். தமிழில் 'புகையிரதம்', 'புகைப்படம்' ஆகிய இரு சொற்களுமே புகையை முன்னிறுத்துகின்றன. இரண்டாவது சொல்லின் பொருத்தப்பாடு பற்றிய விவாதத்தைச் சொல்லாய்வாளர்களுக்கு விட்டுவிடுவோம். எமது விடயத்துக்கு அவ்விரு சொற்களும் தற்செயலாகவேனும் நன்கு பொருந்தி வருகின்றன.

பாதையின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். டார்ஜிலிங் மலைப்பகுதி 1835இல் சிக்கிம் அரசரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்கு வந்தது. வெள்ளையருக்கான உடல்நல வாசஸ்தலமாகத் தொடங்கிய இடம், 1850களிலிருந்து தேயிலைத் தோட்டங்களின் நாடாக மாறியது. தோட்டங்களுக்கு வேண்டிய உழைப்பு, பெரும்பாலும் நேபாளத்திலிருந்து வந்து குடியேறிய மக்களிடமிருந்து பெறப்பட்டது. சமவெளியிலிருந்து அரிசி முதலியன மாட்டுவண்டிகளில் மலை ஏறின. தேயிலை அதே வண்டிகளில் இறங்கியது. இப்போக்குவரத்தின் செலவு காரணமாக, சிலிகுரியில் விற்ற அரிசியின் விலை டார்ஜிலிங்கில் இருமடங்குக்கும் மேலாக இருந்தது. கிழக்கு வங்காளப் புகையிரதக் கம்பனியின் முகவராக இருந்த பிராங்க்ளின் பிரெஸ்டேஜ் 1878இல் ஒடுங்கிய பாதையொன்றை அமைக்கலாம் என யோசனை தெரிவித்தபோது இவ்விலை வேறுபாடே அவரது முக்கிய வாதமாக இருந்தது. 1879இல் வேலை தொடங்கியது. 1880இல் பாதை திந்தாரியாவையும் குர்சியோங்கையும் எட்டியது. 1881 ஜூலையில் டார்ஜிலிங் வரை திறக்கப்பட்டது. இத்துணை விரைவுக்குக் காரணம், ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்த வண்டிப் பாதையின் ஓரத்திலேயே தண்டவாளம் போடப்பட்டமையாகும். மலையைக் குடையாது, சுரங்கமில்லாது, பாதையோடு பாதையாக அது வளைந்து செல்கிறது. குர்சியோங்கிலும் சோனாடாவிலும் கடைத்தெருவினூடே, கடைக்காரரின் கைக்கெட்டும் தூரத்தில், வண்டி செல்வதற்குக் காரணமும் இதுவே. மலிவாக அமைத்தல் என்ற மூலதனத்தின் கணக்கே, பிற்காலத்தில் படம்பிடிப்போர் வியக்கும் 'இயற்கையோடு இசைந்த' தோற்றத்தைத் தந்தது என்பது கவனிக்கத்தக்கது.

சிலிகுரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 120 மீற்றர் உயரத்தில் உள்ளது. கூம் நிலையம் 7,407 அடி, அதாவது 2,258 மீற்றர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரத்தை ஏறுவதற்குப் பற்சக்கரம் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. நீலகிரிப் பாதையில் எஞ்சினின் பற்சக்கரம் பாதை நடுவிலுள்ள பற்தண்டைக் கவ்வி ஏறும். டார்ஜிலிங்கிலோ வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் பிடியை மட்டுமே நம்பி ஏறவேண்டும். சரிவு மிகக் கடுமையாகும் இடங்களில் பாதை தன்னையே சுற்றி வளையமாகி உயர்கிறது. அதற்கும் இடமில்லாத இடங்களில் 'இசட்' எழுத்தின் வடிவில் அமைந்த திருப்பங்கள் உள்ளன. அங்கே வண்டி முன்னோக்கி வந்து நின்று, பின்னோக்கித் தள்ளி ஏறி, மீண்டும் முன்னோக்கிச் செல்லும். மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிவில் கிடப்பதால், கீழே நிற்பவர் ஒரே வண்டியைச் சில நிமிட இடைவெளிகளில் மூன்று உயரங்களிற் படமெடுக்கலாம்.

1889இல் கிளாஸ்கோவின் ஷார்ப் ஸ்டுவார்ட் கம்பனி 'பி' வகுப்பு எஞ்சின்களை அனுப்பத் தொடங்கியது. அவ்வகையைச் சேர்ந்தவையே இன்றும் இப்பாதையின் அடையாளமாக நிற்கின்றன. நான்கே சக்கரங்கள், கொதிகலன்மீது சேணம்போற் கவிந்திருக்கும் தண்ணீர்த்தொட்டி, சாரதியின் கூண்டுக்கு முன்னால் நிலக்கரிப் பெட்டி. எஞ்சின் சிறிதென்பதால் அதனை இயக்குவோர் தொகையும் சிறிதென எண்ணுதல் தவறு. சாரதியும் பயர்மனும் கூண்டிலிருப்பர். நிலக்கரிக் குவியலின் மேல் ஒருவர் அமர்ந்து பெருங்கட்டிகளை உடைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டிருப்பார். எஞ்சினின் முகப்பிலே, தாங்குசட்டத்தின்மீது, மணல் தூவுவோர் இருவர் அமர்ந்திருப்பர். பனியாலோ மூடுபனியின் ஈரத்தாலோ தண்டவாளம் வழுக்கும்போது, ஓடும் வண்டியின் முன்பக்கத்திலிருந்து, சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தின்மீது மணலைக் கையாற் போடுவதே அவர்தம் வேலை. இவர்களுக்கு அப்பால், வண்டி இறங்கும்போது பெட்டிகளின் கைப்பிரேக்குகளை எஞ்சினின் ஊதல் குறிப்புக்கேற்ப இறுக்கவும் தளர்த்தவும் பெட்டிதோறும் பிரேக்குக்காரர் நிற்பது இப்பாதையின் வழக்கமாக இருந்தது. பற்சக்கரம் அமைப்பதற்கான செலவைக் கம்பனி மிச்சப்படுத்தியது. அதற்கு ஈடாக அமைந்தது மனிதக் கை.

இனிப் புகைக்கு வருவோம். பேச்சுவழக்கில் நாம் புகை எனப் பொதுவாகக் கூறுவது உண்மையில் இரண்டு பொருள்களின் கலவையாகும். ஒன்று, உருளையில் வேலை செய்து முடித்த நீராவி. அது புகைபோக்கியின் வழியே விசையுடன் வெளியேறும்போது அடுப்பின் காற்றை இழுத்து நெருப்பைக் கிளறிவிடுகிறது. எஞ்சின் எவ்வளவு கடினமாக இழுக்கிறதோ, அவ்வளவு விசையாக நெருப்பும் எரியும். இந்நீராவி குளிர்ந்த காற்றிற்பட்டு நுண்ணிய நீர்த்துளிகளாகும்போதே வெண்முகிலாகத் தோன்றுகிறது. வெப்பமான நண்பகலில் அது கண்ணுக்குப் புலப்படுமுன் காற்றிற் கலந்துவிடும். ஆகவேதான் அனுபவமுள்ள படப்பிடிப்பாளர் மழைக்காலம் கழிந்த பின் வரும் மாதங்களையும், அவற்றிலும் அதிகாலையையும் நாடுகின்றனர். அம்மாதங்களில் கஞ்சன்ஜங்காவும் தெளிவாகத் தெரிவது அவர்களுக்கு இரட்டைப் பேறு.

மற்றது, நிலக்கரியின் கரும்புகை. இங்கேதான் முரண்பாடு தோன்றுகிறது. கரும்புகை என்பது எரியாது வீணாகும் கரி. அடுப்பிற் காற்றுப் போதாமையால், அல்லது ஒரே தடவையில் மிகையாகக் கரி போடப்பட்டமையால் அது உண்டாகிறது. தொழில் தெரிந்த பயர்மன் சிறிது சிறிதாக, பரவலாகக் கரியிட்டு, புகைபோக்கியின் மேல் மெல்லிய சாம்பல் நிறமே தோன்றும்படி நெருப்பைப் பேணுவார். புகையிரத நிருவாகங்கள் கரும்புகையை விரயத்தின் அடையாளமாகவே கருதிக் கண்டித்து வந்தன. ஆனால் படத்துக்கு வேண்டியதோ அதுவே. மெல்லிய சாம்பல் நிறம் படத்தில் விழாது. கரிய திரள் விழும். எனவே படம்பிடிப்போர் கூட்டமாக வண்டியை வாடகைக்கு அமர்த்திச் செல்லும்போது, குறித்த வளைவுக்கு வரும் முன்னர் கரி கூடுதலாகப் போடுமாறு பயர்மனிடம் கேட்டுக்கொள்வது எங்குமுள்ள வழக்கமாகிவிட்டது. தன் வாழ்நாள் முழுவதும் தவிர்க்கக் கற்ற தவறை, அதே கையால், ஒரு காட்சிக்காக அவர் செய்து காட்டவேண்டியுள்ளது. உற்பத்தியில் விரயமாக இருந்தது படத்தில் பெறுமதியாகிறது. உற்பத்தியில் திறனாக இருந்தது படத்திற் புலப்படாது போகிறது. உழைப்பின் பயன்பாட்டுப் பெறுமதியும் பரிவர்த்தனைப் பெறுமதியும் இவ்வளவு வெளிப்படையாக ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிற்பதைக் காட்டும் உதாரணம் வேறு எளிதிற் கிடைப்பதில்லை.

இம்முரண்பாட்டின் மறுபக்கம் இன்னும் நுட்பமானது. வண்டி ஏறும்போது மட்டுமே புகை உண்டு. கூமிலிருந்து சமவெளியை நோக்கி இறங்கும்போது எஞ்சின் இழுப்பதில்லை. நீராவி மூடப்பட்டு, வண்டி தன் பாரத்தாலேயே உருள்கிறது. அப்போது புகைபோக்கி ஏறத்தாழ ஓய்ந்திருக்கும். ஆகவே இறங்கும் வண்டியைப் படமெடுக்க யாரும் காத்திருப்பதில்லை. ஆனால் தொழிலாளியின் நோக்கில் இறக்கம் ஏற்றத்திலும் ஆபத்தானது. ஏற்றத்தில் பிடி தவறினால் வண்டி நிற்கும். இறக்கத்தில் பிடி தவறினால் வண்டி நில்லாது. பிரேக்குக்காரரின் முழுத்திறனும் கவனமும் வேண்டப்படும் அவ்வேளை, படக்கலையின் நோக்கில் வெறுமையான வேளையாகும். இப்பாதையின் படங்களிற் பெரும்பாலானவை ஏற்றத்தின் படங்களே. வேலையின் பாதி, அதுவும் அபாயம் மிகுந்த பாதி, காட்சிக்கு வராமலே போய்விடுகிறது.

இந்நிலை என்றும் இவ்வாறே இருந்ததா? இங்கு படக்கருவியின் வரலாற்றையும் சேர்த்து நோக்கவேண்டும். இப்பாதை திறக்கப்பட்ட காலம், ஈரத்தட்டு முறை வழக்கொழிந்து, 1871இல் மடொக்ஸ் முன்வைத்த ஜெலற்றின் உலர்தட்டு முறை வணிகரீதியாகப் பரவிய காலமாகும். படமெடுப்பவர் தம்முடன் இருட்டறையைக் கூடாரமாகச் சுமந்து திரியவேண்டிய நிலை மாறியது. கல்கத்தாவின் ஜோன்ஸ்ரன் அன்ட் ஹொவ்மன் நிறுவனம் டார்ஜிலிங்கில் கிளை வைத்து மலைக்காட்சிகளை விற்றது. எனினும் அக்காலத் தட்டுகள், ஓடும் வண்டியைத் தெளிவாகப் பிடிக்கும் அளவுக்கு விரைவானவையல்ல. ஆகவே வளையங்களிலும் திருப்பங்களிலும் வண்டியை நிறுத்திவைத்தே பல படங்கள் எடுக்கப்பட்டன. 'வேதனை முனை' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் அழைக்கப்படும் குறுகிய வளைவில் எடுக்கப்பட்ட பழைய படங்களைப் பார்ப்போர் இதனை உடனே உணர்வர். வண்டி நிற்கிறது, அதனோடு சேர்ந்த மனிதரும் அசையாது நிற்கின்றனர் அல்லது அமர்ந்திருக்கின்றனர். பிரயாணிகளான துரைமாரும் துரைசானிமாரும் திறந்த பெட்டிகளில். எஞ்சினிலும் பெட்டிகளின் ஓரங்களிலும் தொழிலாளர். அனைவரும் படக்கருவியைப் பார்க்கின்றனர்.

வால்டர் பென்ஜமின் 1931இல் எழுதிய புகைப்படக்கலையின் சிறு வரலாறு பற்றிய கட்டுரையில், பழைய படங்களின் நீண்ட ஒளிபடு நேரம் மனிதரை அந்தக் கணத்தினுள்ளேயே வாழச்செய்தது என்னும் கருத்தை வெளியிடுகிறார். அவர் பேசியது ஐரோப்பிய உருவப்படங்களைப் பற்றி. ஆயினும் அக்கருத்தை இங்கு பொருத்திப் பார்க்க இடமுண்டு. கருவியின் மந்தத்தன்மை வண்டியை நிறுத்தியது. வண்டி நின்றமையால் தொழிலாளி நிமிர்ந்து பார்த்தார். பார்த்தமையால் அவர் முகம் தட்டிற் பதிந்தது. இதனைக் குடியேற்றவாதக் காலப் படக்கலையின் பெருந்தன்மையெனக் கொள்வதற்கில்லை. அம்மனிதர் எங்கே நிற்கவேண்டும் என்பதை நிர்ணயித்தவர் வேறொருவர். எஞ்சினின் அளவைக் காட்டவும் ஆட்சியின் ஒழுங்கைக் காட்டவுமே அவர்கள் நிறுத்தப்பட்டனர். ஆயினும் நோக்கம் எதுவாயினும் விளைவு விளைவே. பின்னர் தட்டுகளும் படச்சுருள்களும் விரைவடைந்து, ஓடும் வண்டியைப் பிடிப்பது சாத்தியமானபோது, கண் புகையின்மீதும் வேகத்தின்மீதும் சென்றது. மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடும் இவ்வண்டியை வேகமுள்ளதாகக் காட்டும் பொறுப்பும் புகையின்மீதே விழுந்தது என்பது வேறு விடயம்.

'பொம்மை ரயில்' என்ற செல்லப்பெயர் இவ்வண்டிக்கு எப்பொழுது ஒட்டிக்கொண்டது என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்கவில்லை. ஆனால் அப்பெயர் ஒரு கருத்துநிலையின் வெளிப்பாடு என்பதில் எமக்கு ஐயமில்லை. பொம்மை விளையாட்டுக்குரியது, அதனை இயக்குவது உழைப்பாகாது. எஞ்சினின் முகப்பில், குளிரில், மணற்பெட்டியோடு அமர்ந்திருப்பவரை நோக்கி அப்பெயரைக் கூறிப்பார்த்தாலே அதன் பொருத்தமின்மை விளங்கும். இந்தித் திரைப்படமும் இப்பெயரின் பரவலுக்கு உதவியது. 1969இல் வெளிவந்த 'ஆராதனா' படத்தில், புகையிரதத்தின் யன்னலோரம் சர்மிளா தாகூர் அமர்ந்திருக்க, அருகே ஓடும் ஜீப்பில் ராஜேஷ் கன்னா பாடிவரும் காட்சியை அறியாதார் குறைவு. யன்னலோரக் காட்சிகள் பம்பாயிலே படப்பிடிப்பு அரங்கில் எடுக்கப்பட்டவை என்பது பலரும் எழுதியுள்ள செய்தி. மலையும் வண்டியும் ஓரிடத்தில், நாயகி வேறோரிடத்தில். இணைத்தது வெட்டி ஒட்டும் மேசை. இப்பாதை ஒரு போக்குவரத்துச் சாதனம் என்ற நிலையிலிருந்து ஒரு பின்னணி என்ற நிலைக்கு மாறியதன் அடையாளமாக இக்காட்சியைக் கொள்ளலாம்.

பொருளாதார நிலையும் அதற்கேற்ப மாறியிருந்தது. 1948இல் இந்திய அரசு இப்பாதையை விலைக்கு வாங்கியது. சரக்கு லொறிகளுக்கும் பிரயாணிகள் பேருந்து, ஜீப்புகளுக்கும் படிப்படியாகச் சென்றனர். தேயிலைக்காகவும் அரிசிக்காகவும் போடப்பட்ட பாதையில் தேயிலையும் இல்லை, அரிசியும் இல்லை. 1999இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. 2000இல் டீசல் எஞ்சின்கள் வந்து சேர்ந்தன. நீராவி எஞ்சின்கள் பெரும்பாலும் டார்ஜிலிங்குக்கும் கூமுக்கும் இடையிலான உல்லாச ஓட்டங்களுக்கும் வாடகை ஓட்டங்களுக்கும் உரியவையாயின. இவ்வோட்டங்களில் பிரயாணி எங்கும் செல்வதில்லை; புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறார். இடையில், 1919இல் அமைக்கப்பட்ட பதாசியா வளையத்தில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார். வண்டி இப்பொழுது உற்பத்தி செய்வது இடப்பெயர்ச்சியையன்று, படத்தையே. வாடகை ஓட்டத்தில் இது இன்னும் துலக்கமாகும். வண்டி நிறுத்தப்படுகிறது, படக்காரர் இறங்கிச் சரிவில் வரிசையாக நிற்கின்றனர், வண்டி பின்னோக்கிச் சென்று, புகை கக்கிக்கொண்டு, அவர்கள் முன்னால் மீண்டும் ஏறிச் செல்கிறது, பின்னர் அவர்களை ஏற்றிக்கொள்ளத் திரும்பி வருகிறது. வேண்டின் இதுவே மறுபடியும் நிகழும். எரிந்த கரியும் உடைத்த கட்டியும் தூவிய மணலும் உண்மை. பயணம் மட்டும் பாவனை.

இங்கு எமது வாசகர்களுட் சிலர் எழுப்பக்கூடிய மறுப்பொன்றை எதிர்கொள்ளவேண்டும். இவ்வாடகைப் பணம் இல்லையேல் நீராவி எஞ்சின்கள் என்றோ இரும்புக்கடைக்குச் சென்றிருக்கும். அவற்றோடு அத்தொழிலாளரின் வேலையும் சென்றிருக்கும் அல்லவா? மெய்தான். திந்தாரியா வேலைத்தலத்திலே நூறாண்டு கடந்த எஞ்சின்களுக்கு உறுப்புகளைச் செய்து பொருத்தும் கைத்திறன் ஒரு பகுதியாவது எஞ்சியிருப்பதற்கு, படத்தின்மீது கொண்ட ஆசையும் ஒரு காரணம். மேலும், புகையிரத ஆர்வலரின் படங்கள் வெறும் புகைக்காட்சிகள் அல்ல. எஞ்சினின் இலக்கம், இணைப்புத் தண்டுகளின் அமைப்பு, மணல் தூவுவோரின் இருக்கை, கரி உடைப்போரின் சுத்தியல் ஆகிய யாவும் அவற்றில் நுணுக்கமாகப் பதிவாகியுள்ளன. தொழில் வரலாற்றை எழுதப் புகும் ஒருவர் அரசாங்க அறிக்கைகளிற் காணமுடியாததை இவற்றிற் காணலாம். வர்க்கச் சார்பு எதுவாயினும், உண்மையான ஈடுபாடு தன் பொருளைப் பற்றிய உண்மையையும் ஓரளவு சேர்த்தே கொண்டுவருகிறது. இதனை மறுப்பது கொச்சை மார்க்சியமேயன்றி மார்க்சியமன்று.

டார்ஜிலிங் படங்களுக்கே உரிய ஒரு சிறப்பும் இங்குண்டு. பிற மலைப்பாதைகளில் தொழிலாளி கூண்டின் நிழலுக்குள் மறைந்துவிடுவார். படத்தில் எஞ்சின் தானே இயங்குவதுபோற் காட்சியளிக்கும். மார்க்ஸ் பண்டத்தைப் பற்றிக் கூறிய மாயத்தன்மைக்கு இது கண்கூடான விளக்கம் எனலாம். ஆனால் டார்ஜிலிங்கில், படப்பிடிப்பாளர் மிக விரும்பும் முன்பக்கக் கோணத்திலேயே, எஞ்சினின் முகப்பிலேயே, இரு மனிதர் அமர்ந்திருக்கின்றனர். அவர்களை வெட்டினால் எஞ்சினையும் வெட்டவேண்டும். உழைப்பை மறைக்க முடியாத இந்நிலையில், அழகியல் வேறொரு வழியை நாடுகிறது. அது ஒளியளவு பற்றிய தீர்மானம். காலைச் சூரியனுக்கு எதிராக நின்று படமெடுத்தால் புகையின் விளிம்புகள் ஒளிரும். பனிமுடி உள்ள திசையை நோக்கிப் படமெடுத்தால் அதுவும் தெளிவாக விழும். ஆனால் புகைக்கும் பனிக்கும் ஏற்ப ஒளியைக் குறைத்தால், முகப்பிலுள்ளோர் முகமற்ற கரிய உருவங்களாகிவிடுவர். அவர்தம் முகத்துக்கேற்ப ஒளியைக் கூட்டினால் முகம் தெரியும். பனிமுடி வெளுத்து வானத்தோடு கலந்துவிடும். ஒரு தட்டில், ஒரு கணத்தில், இரண்டையும் முழுமையாகப் பெறுதல் அரிது. இன்றைய எண்மியக் கருவிகள் இவ்விடைவெளியைப் பெரிதும் குறைத்துள்ளன. எனினும் புகையே முதன்மை என்ற தீர்மானம் மாறியதாகத் தெரியவில்லை. நுட்பக் காரணம் தளர்ந்த பின்னும் பழக்கம் நீடிப்பதிலிருந்து, அது ஆரம்பத்திலிருந்தே நுட்பக் காரணம் மட்டுமன்று என்பது புலனாகும்.

படத்தினுள் வராதவை வேறும் உள. பாதையின் இருமருங்கும் தோன்றும் பச்சைச் சரிவுகள் தேயிலைத் தோட்டங்கள். குர்சியோங்குக்கும் கூமுக்கும் இடைப்பட்ட பகுதியிலுள்ள மார்கரெட்ஸ் ஹோப் தோட்டத்தில், 1955 ஜூன் மாதம், கோரிக்கைகளை முன்வைத்து ஊர்வலமாகச் சென்ற தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. 2017இல் கூர்க்காலாந்து கோரிக்கையை ஒட்டி 104 நாட்கள் மலைநாடு முழுவதும் முடங்கியபோது புகையிரதமும் முடங்கியது. 2010இல் பக்லாஜோராவிலும், 2011இல் திந்தாரியாவிலும் சரிவுகள் பெயர்ந்து பாதையை அடித்துச் சென்றன. முழுப்பாதையும் மீண்டும் இணைய 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காடழிந்து தோட்டமான மலையின் மண் மழையைத் தாங்கமாட்டாமை இதற்கு ஒரு காரணம் என்பது தேயிலை நாடுகளில் வாழும் எமக்குப் புதிய செய்தியன்று. பிரெக்டை மேற்கோள் காட்டி பென்ஜமின் சுட்டிய பிரச்சினை இதுவே: ஒரு தொழிற்சாலையின் படம் அத்தொழிற்சாலையினுள் நிலவும் உறவுகளைப் பற்றி ஏறத்தாழ எதுவும் சொல்வதில்லை. அப்படியாயின் சொல்லவேண்டிய பொறுப்பு படத்தின் கீழெழுதும் வாசகத்துக்கு வந்துசேர்கிறது.

அவ்வாசகங்களை நாம் கவனித்துப் படித்ததுண்டு. எஞ்சினின் இலக்கம், அதனைச் செய்த கம்பனி, செய்த ஆண்டு, இடம், நேரம், சில வேளைகளில் படக்கருவியின் விபரமும் கூட அவற்றில் இருக்கும். இவ்வளவு கவனமாக எழுதும் ஒருவர், முகப்பில் அமர்ந்திருக்கும் இருவரின் பெயரைக் கேட்டுக் குறிப்பதற்கு அரை நிமிடமே தேவைப்படும். வண்டியோ கூமில் நின்றுதான் செல்கிறது. இறங்கும் வண்டியின் பிரேக்குக்காரரையும், திந்தாரியாவில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவரையும், நெருப்பைச் செம்மையாகப் பேணிப் புகையே இல்லாது ஏறிய ஒரு காலைப்பொழுதையும் படமெடுத்தோர் சிலரேனும் இருக்கவேண்டும். அப்படங்கள் நாட்காட்டிகளுக்கு உதவாமையால் பெட்டிகளில் உறங்கக்கூடும். அவற்றைத் தேடித் தொகுப்பது ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

எமது நாட்டில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலைக்கு 1903–1904 காலத்தில் இதே தேயிலைக்காக இரண்டரையடிப் பாதையொன்று போடப்பட்டது. அது 1940களில் மூடப்பட்டுத் தண்டவாளமும் கழற்றப்பட்டது. மரபுரிமை ஆர்வலர்கள் படக்கருவியோடு வருமளவுக்கு அது நிலைத்திருக்கவில்லை. அதனை இயக்கியோரும் பராமரித்தோரும் எந்தத் தோட்டங்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வந்தனர், அவர்தம் குடும்பங்களின் கையில் ஒரு படமாவது எஞ்சியுள்ளதா என்பன மலையக ஆய்வாளர் இன்னும் கேட்டறியக்கூடிய வினாக்கள்.